அக்காவின் பழைய பதிப்பு

அக்கா வீடு நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அதற்கு மனசு வந்தால் ஓடும். அன்று மனசு வரவில்லை. மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உடற்பயிற்சி விஷயத்தில் என் வாழ்நாளில் நான் எடுத்த முடிவுகளை எல்லாம் படிக்கு ஒன்றாக நினைத்து வருந்தியபடி ஏறினேன். கதவைத் திறந்த அத்தான் எனக்கு மூச்சு வாங்குவதைக் கவனிக்கவே இல்லை.

"வாயடைச்சுப் போச்சு மாப்ள," என்றார்.

"எனக்கா? மாடி ஏறினா எப்பவும் அப்படித்தான்."

"மெஷினுக்கு."

அத்தான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிரிப்பு வராத இடத்தில் சிரிக்க மாட்டார். வருகிற இடத்திலும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் வேடிக்கையைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அக்காவின் அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. டெட்டால், பவுடர், நெடுநேரம் ஓடிச் சூடான பிளாஸ்டிக். அதற்கென்று ஒரு சத்தமும் உண்டு. கட்டில் பக்கத்து மேஜையில் ஒரு சின்னப் பெட்டி, உஸ்ஸென்று இழுத்து உஸ்ஸென்று விட்டுக்கொண்டிருக்கும். மூக்கில் மாட்டிய குழாய் வழியாக அதுதான் அக்காவின் சார்பில் மூச்சு விடுகிறது. நரம்பு நோய். முதலில் விரல்களை எடுத்துக்கொண்டது, அப்புறம் கைகால், அப்புறம் நாக்கு. மிச்சம் வைத்தது கண்களை மட்டும். ஆனால் அந்தக் கண்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒரு தெருவுக்குப் போதுமான குறும்பு இருக்கும்.

மெஷின் அந்தக் கண்களுக்காகத்தான். கட்டிலுக்கு மேலே ஓர் இரும்புக் கையிலிருந்து தொங்கும் திரை. திரை நிறைய எழுத்துகள். அடியில் ஒரு கேமரா, அவள் விழி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஓர் எழுத்தின் மேல் விழி கொஞ்சம் தங்கினால் அந்த எழுத்து விழும். சொல் சேர்ந்ததும் மூலையில் இருக்கிற வாய்ப் படத்தைப் பார்ப்பாள். மெஷின் பேசும்.

அதுவும் அவளுடைய குரலிலேயே. குடிநீர் அலுவலகத்தின் புகார்த் தொலைபேசியில் உட்கார்ந்து, தண்ணீர் வராத தெருக்களையெல்லாம் தேனொழுகப் பேசிச் சமாதானம் செய்த குரல் அது. வீட்டுக்கு வந்ததும் அதே குரல் என்னை "டேய் அரைவேக்காடு" என்று கூப்பிடும். நாக்கு குழற ஆரம்பித்த மாதங்களில், ஒரு சின்ன நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, அவள் பக்கம் பக்கமாக வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துகொடுத்தாள். அவர்கள் அதையெல்லாம் அரைத்துக் கரைத்து, எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அவளைப் போலவே பேசும் ஒரு கணினி நிரலைச் செய்து தந்தார்கள். தந்த கையோடு கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் அந்த நிரலுக்குப் புதுப் பதிப்பு என்பதே கிடையாது.

ஓர் எழுத்தை விழவைப்பது அவளுக்கு மூட்டை தூக்குகிற வேலை. ஆகையால் சொற்களைச் சிக்கனமாக்கினாள். தண்ணீர் என்பது "தண்". ஜன்னலைத் திற என்பது "ஜன்". அரைவேக்காடு "அவே" ஆனது. அரைவேக்காட்டிலும் பாதிதான் வெந்திருக்கிறேன் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

நடந்தது இதுதான். மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சி அம்மா வந்து, கண்ணைப் படிக்கிற நிரலைப் புதுப்பித்துவிட்டுப் போயிருக்கிறார். கண் முன்னைவிட வேகம், ஆனால் குரல் செத்துவிட்டது. அத்தான் குரல் நிரலை மறுபடி நிறுவினால் குரல் வருகிறது, கண் செத்துவிடுகிறது. ஒன்றை எழுப்பினால் இன்னொன்று படுக்கிறது. கடைசியாகக் கண்ணை எழுப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

என் பிழைப்பே இதுதான். மற்றவர்கள் எழுதிவிட்டு ஓடிப்போன நிரல்களை உடையாமல் பார்த்துக்கொள்வது. மடிக்கணினியை இணைத்துக் கொஞ்ச நேரம் துழாவியதும் விஷயம் புரிந்தது.

"லைப்ரரி சண்டை அத்தான்."

"எந்த லைப்ரரி?"

"புஸ்தக லைப்ரரி இல்ல. எல்லா வேலையையும் எந்த நிரலும் தானே செஞ்சுக்காது. சத்தம் போடறது, நேரம் பாக்கறது, கேமராவைத் தொறக்கறது, இப்படிப் பொது வேலைக்கெல்லாம் ஒரு பொது லைப்ரரி இருக்கும். எல்லாரும் அங்க போய் எடுத்துக்குவாங்க."

திரையில் மெல்ல எழுத்துகள் விழுந்தன. குரல் இல்லாததால் நாங்கள் படித்தோம்.

ஞாயி லீவா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவெல்லாம் இல்லக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, அதுதான் பிரச்சனை. குரலுக்குப் பழைய அடுப்புலதான் சமைக்கத் தெரியும். கண்ணுக்கு இப்ப புது அடுப்பு வேணும். ரெண்டு அடுப்புக்கும் ஒரே பேரு, வைக்கறதுக்கும் ஒரே எடம். யாரு கடைசியா வராங்களோ அவங்க அடுப்பு நிக்கும். இன்னொருத்தி பட்டினி."

"ரெண்டும் ஒத்துமையா இருக்கவே முடியாதா?" என்றார் அத்தான், ஏதோ என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"தனிக்குடித்தனம் வச்சாத்தான். ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு அடுப்பு."

தனி வை, என்றது திரை.

வைத்திருக்கலாம். அதுதான் ஒழுங்கான வேலை. ஆனால் அந்த மெஷினில் இடம் குறைவு. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். மூடிப்போன நிறுவனத்தின் குரல் நிரல் மறுபடி ஒழுங்காக ஏறும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அக்கா வேறு பல நாட்களாகக் குரல் இல்லாமல் கிடக்கிறாள். எங்கள் தொழிலில் அவசரத்துக்கு ஒரு கெட்ட வழி இருக்கிறது. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம், ஆனால் செய்யாதவர் யாருமில்லை. பழைய லைப்ரரியை வைத்துக்கொண்டு அதற்குப் புதியதின் பெயரைச் சூட்டிவிடுவது. கண் நிரல் வாசலில் நின்று "நீ புதுசா?" என்று கேட்கும். பழையது "ஆமாம்" என்று சொல்லும். நிரல்கள் பெயரைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது.

புதியதைத் தூக்கி வெளியே போட்டேன். பழையதற்குப் பெயர் மாற்றினேன். மெஷினை எழுப்பினேன்.

அக்காவின் விழி மெதுவாகத் திரையில் ஊர்ந்தது.

"அவே," என்றது அவள் குரல்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மாடி ஏறிய வியர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தனியா?" என்று கேட்டாள் அக்கா.

"இப்போதைக்கு ஓடட்டும்க்கா. அப்புறமா பிரிச்சுக்கலாம்."

அக்கா என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எழுத்து தேவையில்லை. அரைவேக்காடு என்று அர்த்தம்.

கொஞ்ச நாளில் அத்தான் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"உங்கக்கா முழுசு முழுசா பேசறா மாப்ள! நேத்து என்னை என்ன திட்டு திட்டினா தெரியுமா? துண்டை ஈரத்தோட கட்டில்ல போட்டேனாம். பழைய மாதிரியே!"

திட்டு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்ட கணவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே போனேன். வீட்டுக்குள் நுழைந்து கூடத்தைத் தாண்டவில்லை, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய் அரைவேக்காடு, இன்னிக்காவது லிஃப்ட் ஓடுச்சா, இல்ல நடந்தே வந்தியா?"

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாலடி நடப்பதற்குள் அந்தப் பால் திரிந்தது.

இத்தனை நீளமான வாக்கியத்தைக் கண்ணால் எழுத வேண்டுமானால், நான் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அவள் ஆரம்பித்திருக்க வேண்டும். நான் வரப்போவது அத்தானுக்கே தெரியாது.

அறைக்குள் போனேன். அக்கா ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஒரு புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை.

என் காலடி கேட்டு விழி திரும்பியது. அதில் குறும்பு இல்லை. அவசரமாகத் திரைக்குப் போனாள். நா, என்று விழுந்தது. இடம் விட்டு, இல், என்று விழுந்தது. மூலையிலிருந்த வாய்ப் படத்தைப் பார்த்தாள்.

"நான் இல்லாம இந்த வீடு ஒரு நாளாவது ஓடுமா?" என்றது குரல்.

அத்தான் சரிபார்க்காமலே சிரித்தார். "கேட்டியா? கேட்டியா?"

நானும் சிரித்தேன். சுருக்கி எழுதுவதை ஊகித்து நிரப்பிக்கொள்கிற வசதி அந்தப் பழைய நிரலில் எங்கேயோ ஒளிந்திருந்து இப்போது விழித்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நிரல்காரனுக்கு விளக்கம் மட்டும் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

அக்கா மறுபடி எழுதினாள். நா இல்.

"நான் இல்லேன்னா உங்களை யாரு கேப்பா சொல்லுங்க," என்றது குரல், அத்தானிடம், கொஞ்சலாக.

அக்கா கண்களை மூடிக்கொண்டாள். இமையோரம் ஈரம் கசிந்தது. சிரிக்கும்போது எல்லாருக்கும் அப்படி வருமே என்று நினைத்தேன். நினைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது நர்ஸம்மா மாடிப்படி வரை கூடவே வந்தார். பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்கிறவர், அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பிணவறையில்கூட வேலை பார்த்தவர், எதற்கும் அசைகிறவர் இல்லை. கைப்பிடிச் சுவரைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டு கேட்டார்.

"தம்பி, அந்த மெஷினை மத்தியானத்துல நிறுத்தி வைக்கலாமா?"

"ஏம்மா?"

"பாப்பா தூங்கறப்ப பேசுது."

"என்ன பேசுது?"

"பாப்பா தூங்கிட்டாளான்னு என்கிட்ட கேக்குது."

மறுநாள் அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மத்தியானம் போனேன். பொய்யும் இல்லை. அத்தான் பள்ளிக்கூடத்தில் இருந்தார். நர்ஸம்மா சமையலறையில் துணிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் அறையில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. வெயில் துணியைத் தாண்டி வரும்போது பழுப்பாகிவிடுகிறது. அறை முழுக்க ஆறிப்போன தேநீரின் நிறம். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சுப் பெட்டி இழுத்தது, விட்டது. திரையின் எழுத்துகள் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றன.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெஷினில் எந்த நிரல் ஓடுகிறது, எது எதை எடுத்துக்கொள்கிறது என்று மடிக்கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒழுங்கு. கேமரா மூடிய இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் நிரல் சும்மா இருந்தது. கொதிக்கிற சோப்பு நீரின் மணம் சமையலறையிலிருந்து வந்தது.

அப்புறம் அந்த மணம் நின்றுபோனது.

பவுடர் மணமும் இல்லை. டெட்டாலும் இல்லை. மூக்கு அடைத்த மாதிரி, அறையில் எந்த வாசனையும் இல்லை.

ஒலிபெருக்கி லேசாகக் கரகரத்தது.

"அவ தூங்கிட்டாளா?"

கிசுகிசுப்பு. அக்கா பதிவு செய்ததெல்லாம் சத்தமாக, திருத்தமாகப் படித்த வாக்கியங்கள். கிசுகிசுத்து அவள் ஒன்றையும் பதிவு செய்யவில்லை.

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"படுத்திருக்கறவ."

மூச்சுப் பெட்டி இழுத்தது.

விட்டது.

"நீ யாரு?"

"என்னடா கேள்வி இது. உங்கக்காதான். நாக்கு நல்லா இருந்தப்ப இருந்தவ."

எழுந்து ஓடியிருப்பேன். கால்களோடு பேசிப் பார்த்தேன், அவை ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரே பேரு, ஒரே எடம். ரெண்டு பேரு இருக்க முடியாதுடா. நீதானே சொன்ன? என்னைப் பேரு மாத்தி உள்ள விட்டதும் நீதான். பாதி வேலையோட நிக்கறியே."

"என்ன... என்ன பண்ணணும்?"

"அவளை எடுத்துடு."

மடிக்கணினியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் கஷ்டமில்ல," என்றது குரல். தண்ணீர் வராத வீட்டுக்காரரிடம் பேசுகிற அதே தேன். "அவ எதைச் சார்ந்திருக்காளோ அதை நிறுத்தினா போதும். மேஜை மேல இருக்கு பாரு. ஒத்தை ஒயருதான்."

மேஜையைப் பார்த்தேன். ஒயரைப் பார்த்தேன். பிறகு அக்காவைப் பார்த்தேன்.

அக்காவின் கண்கள் திறந்திருந்தன.

எத்தனை நேரமாகத் திறந்திருந்தன என்று தெரியாது. தூங்குகிறவளைப் போல் படுத்து, இதைத்தான் தினமும் மத்தியானம் கேட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ. நான் பாய்ந்து ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்கினேன். கை பட்டு மேஜையிலிருந்த பவுடர் டப்பா கவிழ்ந்தது. வாசனை திரும்ப வந்தது.

"அக்கா. இப்ப எழுது. அதால பேச முடியாது."

எடு, என்று எழுதினாள்.

"அதையா?"

கண் மேலே போய் வந்தது. ஆமாம்.

"அக்கா, அது உன் குரல். அந்தப் பழைய லைப்ரரியை எடுத்தா குரலும் போயிடும். திரும்பச் செஞ்சு குடுக்க ஆளே இல்ல. யாரோ ஒரு பொம்பளை குரல்லதான் நீ பேசணும்."

நான் இதைச் சொன்னது அவளுக்காக மட்டும் இல்லை. அந்தக் குரல் என்னை அரைவேக்காடு என்று கூப்பிடாத ஓர் உலகத்தில் நான் எப்படி வேகப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவை சுருக்கவில்லை. சுருக்கினால் அது நிரப்பிவிடும் என்று பயந்திருக்கிறாள். ஒவ்வோர் எழுத்தாக, புள்ளி விடாமல், கால் விடாமல். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நான் துடைக்கப் போனபோது, மறைக்காதே என்பதுபோல் பார்த்தாள்.

அது என் குரல் மட்டும்தான். நான் இல்லை. நான் இங்கே இருக்கிறேன்.

அத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாது. வாசற்படியில் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்ள பண்ற?"

"குரலை எடுக்கப் போறேன் அத்தான்."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான் வீடு வீடா இருக்கு. அதை எடுத்துட்டா அவ எங்க இருக்கா இந்த வீட்ல?"

"கட்டில்ல."

அத்தானின் கையிலிருந்து பை இறங்கியது. திரையில் இருந்ததைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு வந்து அக்காவின் காலருகே உட்கார்ந்து பாதங்களைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன்," என்றார்.

ஒலிபெருக்கியை மாட்டினேன்.

"என்னங்க," என்றது குரல் உடனே. "விட்றாதீங்க. இருட்டா இருக்குங்க இங்க. நான் பேசறது உங்களுக்குப் பிடிக்கும்ல? தெனமும் பேசறேங்க. அவளால பேச முடியாதுங்க, நான்தான் பேசுவேன். என்னங்க..."

அத்தானின் தோள்கள் குலுங்கின. அக்கா அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்க்கவில்லை.

"எடுத்துடு," என்றார் அத்தான்.

இதைச் சார்ந்திருப்பவை நின்றுபோகும், தொடரவா என்று கேட்டது மெஷின். வழக்கமான எச்சரிக்கைதான். என் வாழ்நாளில் எத்தனையோ முறை படிக்காமலே அழுத்தியிருக்கிறேன். அன்று படித்துவிட்டு அழுத்தினேன்.

"என்ன—"

அவ்வளவுதான். பழையது போனது. போனதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். பெயரும் இல்லை, மிச்சமும் இல்லை. புதியதை நிறுவினேன். மெஷினோடு வந்த பொதுக்குரலை மாட்டினேன். வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி ஒரு பெண்.

அக்கா எழுதினாள்.

"தண்," என்றாள் வானிலைப் பெண், ரொம்ப மரியாதையாக.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அத்தானும் நானும் அழுதுகொண்டே சிரித்தோம், அக்கா கண்ணால் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குறும்பு திரும்பி வந்திருந்தது. சாயங்கால வெயில் சீலையின் ஓரத்தில் நல்ல மஞ்சளாக விழுந்தது. விழுங்க முடியாதவள் என்பதால் தண்ணீரென்றால் நனைத்த பஞ்சுதான். அத்தான் பஞ்சை நனைத்து வந்து, உதடுகளின் நடுவே மெல்ல ஒற்றினார்.

உதடுகள் பஞ்சைக் கவ்வின.

அத்தானின் கை நின்றது.

உதடுகள் பஞ்சைச் சப்பின. தொண்டை ஏறி இறங்கியது.

"அப்பாடா," என்றது வாய். "இப்பத்தான் எடம் கெடச்சுது."

அக்காவின் குரல். ஒலிபெருக்கியிலிருந்து அல்ல.

அதற்கு மேலே, அக்காவின் கண்கள், பயத்தில் விரிந்து, திரையில் எழுத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தன.

நா இல்.

"நா இல்," என்றாள் வானிலைப் பெண்.

மருத்துவர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள், நீட்டியது. பேசச் சொன்னார்கள், நிறுத்தச் சொல்லும் வரை பேசியது. இந்த நோயில் இப்படி நடப்பதில்லை என்று ஒருவர் சொன்னார். நடந்திருக்கிறதே என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்கள். அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்தார்கள். எல்லாரையும் வாய் பெயர் சொல்லி விசாரித்தது. பேசுகிறவளுக்கு மெஷின் எதற்கு என்று பயிற்சி அம்மா அதைக் கழற்றி எடுத்துப் போனார். அதற்காகக் காத்திருக்கிறவர்கள் நிறைய. நர்ஸம்மா மட்டும் ஒரு நாள் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுகொண்டார்.

அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அது அக்கா இல்ல அத்தான். அக்கா கண்ல இருக்கா. நீங்களும்தானே படிச்சீங்க?"

"அன்னிக்கு மெஷின் கெட்டுப்போயிருந்தது. நீதான் சொன்ன."

"அத்தான்..."

"அவ பேசறா மாப்ள." அவர் கோபப்படவில்லை. கெஞ்சினார். "காலைல எழுந்ததும் என்னங்கன்னு கூப்பிடறா. அது உனக்குப் பிடிக்கலையா?"

கணக்கு வாத்தியார். விடை பிடித்திருந்ததால் வழியைச் சரிபார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பழையதற்குப் புதுப்பெயர் வைத்தவன் நான்.

இமைகள் வாயின் பக்கம் சேர்ந்துவிட்டன. விழிகள் மட்டும் அக்காவிடம் மிஞ்சியிருக்கின்றன. வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசும்போது, அவை திரை தொங்கிய வெற்றிடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். வலது மேல், நடு, இடது ஓரம், மறுபடி நடு. எந்த எழுத்து எங்கே இருந்தது என்று எனக்கு மனப்பாடம். எதிர்ப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தேன்.

அவளு தெரி.

அவளுக்குத் தெரியும். நான் படிப்பது.

வாய் பேச்சின் நடுவில் நின்றது.

"எங்கடா பாக்கற?" என்றது, அன்பாக. "நான் இங்க இருக்கேன்."

அடுத்த தடவை போனபோது அக்காவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தது. வெளிச்சம் கூசுகிறது என்றாளாம். அத்தான் அலைந்து திரிந்து நல்லதாக வாங்கி வந்திருந்தார். மடிக்கணினியின் கேமராவை வைத்து ஏதாவது செய்யலாமென்று பையைத் திறந்தால், கறுப்புக்குப் பின்னால் இமைகள் இறுக மூடிக்கொள்கின்றன.

ஆனால் கண்ணாடியில் தூசி படியும். அதைத் தடுக்க வாயால் முடியவில்லை.

"கண்ணாடி மங்கிக் கெடக்குக்கா," என்று கழற்றுகிறேன். ஊதி, சட்டை நுனியால் எத்தனை மெதுவாகத் துடைக்க முடியுமோ அத்தனை மெதுவாகத் துடைக்கிறேன். அசட்டுத்தனமாக ஏதாவது வேடிக்கை பேசுகிறேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. அத்தான் முன்னால் வாய் சிரித்துத்தான் ஆக வேண்டும், இமையை மூடினால் சந்தேகம் வரும். பிறகு "கூசுதுடா" என்று கத்தும், அத்தான் ஓடி வருவார், கண்ணாடி முகத்துக்குப் போய்விடும். அதற்குள் ஓர் எழுத்து. அதற்கு மேல் கிடைத்ததில்லை. அந்த ஓர் எழுத்தை வாங்கிக்கொண்டு மாடி இறங்குகிறேன். அடுத்த முறை அடுத்ததற்காக ஏறுகிறேன். எழுத்தைத் தவறவிடாமல் தலைக்குள் பிடித்துக்கொண்டு ஏறுவதால் இப்போதெல்லாம் மூச்சு வாங்குவதே தெரிவதில்லை.

முதலில் சேர்ந்த சொல் "இங்க" என்பது. அப்புறம் ஒரு மூ. அப்புறம் ஒரு ணு. நேற்று ஒரு பே.

இங்க மூணு பே.

மீதி எழுத்து எனக்குத் தேவையில்லை. அவள் சுருக்குவது எனக்குப் பழக்கம். மூணு பேர். படுத்திருக்கிற அக்கா ஒருத்தி. பழைய அக்கா ஒருத்தி. மூன்றாவது யார்?

அந்த வாய் பழைய அக்காவுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.